40 ஆண்டு பழைய கம்ப்யூட்டரில் சரளி வரிசை: எங்கிருந்து தொடங்குவது?

போனில் நூறு மியூசிக் ஆப் இருக்கும்போது, 1982-ல் வந்த கம்ப்யூட்டரில் போய் யாராவது இசை அமைப்பார்களா? உலகம் முழுக்க ஒரு கூட்டம் இன்னும் அமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகச் சேர நினைப்பவர்களுக்குச் செலவு பூஜ்யம், நேரம் ஒரு மாலை போதும். கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை வரை கற்றுவிட்டு நிறுத்தியவர்களுக்கு இதில் கூடுதல் சுவாரஸ்யம் ஒன்று உண்டு. பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்த ஸ்வரங்களை இந்த மெஷினுக்கு எண்களாக எழுதித்தான் சொல்ல முடியும். எழுதிப் பார்க்கும்போதுதான் எதை எழுத முடிகிறது, எது எண்ணுக்குள் அடங்க மறுக்கிறது என்பது புரியும்.

தறிக்கும் கம்ப்யூட்டர் இசைக்கும் என்ன சம்பந்தம்?

சேத்துப்பட்டு என்றதும் சென்னைவாசிகளுக்கு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். இது திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு. பட்டுக்குப் பேர்போன ஆரணிக்குப் பக்கத்து ஊர். இந்த வட்டாரத்தில் பட்டுத்தறி ஓடும் வீட்டுக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து சங்கிலிபோலத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளும் கண்ணில் படும்.

அட்டையின் வேலை எளிமையானது. நெசவாளர் மிதியை அழுத்தியதும் ஒரு அட்டை முன்னால் வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கும். நடுவில் ஊடை நூல் ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. இப்படி வரி வரியாகச் சேர்ந்துதான் கரையில் மாங்காயும் முந்தானையில் மயிலும் வருகின்றன. ஓர் ஓட்டை தவறினால் அந்த இடத்தில் பூ உடைந்துவிடும்.

பிரான்ஸின் லியோன் நகரப் பட்டு நெசவுக்காக ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட 'அனலிட்டிகல் இன்ஜின்' என்ற கணக்கு இயந்திரத்துக்கும் இதே ஓட்டை அட்டைதான் முன்மாதிரி. அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-ல் எழுதிய குறிப்பில் ஏடா லவ்லேஸ் இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இந்த இயந்திரம் கணித வடிவங்களை நெய்யும் என்பது ஒன்று. ஸ்வரங்களுக்கு இடையிலான உறவை இயந்திரத்துக்குப் புரியும் முறையில் எழுத முடிந்தால், அது இசையையும் அமைக்கலாம் என்பது இன்னொன்று.

பாபேஜின் இயந்திரம் கடைசிவரை முழுமையாகக் கட்டப்படவில்லை. ஆனால், ஏடா போட்ட நிபந்தனை அப்படியே நின்றது: ஸ்வரத்தை எண்ணாக எழுத முடியுமா? 1980-களில் வீட்டுக்கு வந்த சின்ன கம்ப்யூட்டர்கள் அந்தக் கேள்வியைச் சாதாரண ஆட்கள் கையிலும் கொடுத்தன.

எந்த மெஷின்?

மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.

கமடோர் 64: 1982-ல் அமெரிக்காவில் வந்தது. இதற்குள் இருக்கும் 'சிட்' என்ற ஒலிச் சிப்பை ராபர்ட் யானஸ் வடிவமைத்தார். ஒரே நேரத்தில் மூன்று குரல், நல்ல ஃபில்டர் என அந்தக் கால வீட்டு கம்ப்யூட்டர்களில் இதன் ஒலிக்குத் தனி மரியாதை. ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்கள் இதில் அமைத்த கேம் இசையை இன்றும் தேடிக் கேட்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இதன் பேசிக் மொழியில் ஒலிக்கென்று தனிக் கட்டளையே கிடையாது. 54272-ல் தொடங்கும் நினைவக முகவரிகளில் எண்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முதல் நாளே இதில் இறங்கினால் தலை சுற்றும்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்: அதே 1982-ல் பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒலி, அதுவும் 'கீ' என்ற சத்தம். ஆனால், ஒரே வரியில் ஸ்வரம் வரும். இந்தியாவிலும் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1986-ல் உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் இதை விற்றது.

பிபிசி மைக்ரோ: பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக ஏகார்ன் நிறுவனம் 1981-ல் தயாரித்தது. மூன்று ஸ்வரக் குரல், ஒரு இரைச்சல் குரல் என நான்கு சேனல்கள் உண்டு. இந்தியாவுக்கு இது பழைய சொந்தம். 1984-ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு முதலில் போனது இந்த மெஷின்தான். மொகாலியில் இருந்த பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதன் இந்திய வடிவத்தையும் தயாரித்தது. கணக்குப் போடவும் படம் வரையவும் அந்தப் பிள்ளைகள் தட்டிய அதே பெட்டிக்குள் நான்கு சேனல் இசையும் இருந்தது.

தொடங்குவதற்கு ஸ்பெக்ட்ரம், அடுத்த படிக்கு பிபிசி மைக்ரோ. இந்த வரிசையில் போனால் சிரமம் இல்லை.

பழைய பெட்டியை வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். குறைந்தபட்சம் முதல் மாதம் வேண்டாம்.

அந்த மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் 'எமுலேட்டர்' மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்பெக்ட்ரமுக்கு 'ஜேஎஸ்ஸ்பெக்கி', பிபிசி மைக்ரோவுக்கு 'ஜேஎஸ்பீப்' இரண்டும் பிரவுசரிலேயே ஓடும். எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. போனிலும் திறக்கலாம். ஆனால், கட்டளைகளைத் தட்ட வேண்டியிருப்பதால் லேப்டாப்தான் வசதி. ஒரு ஹெட்போன் இருந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் நிம்மதி.

நிஜப் பெட்டிதான் வேண்டும் என்று ஆன்லைனில் ஏலம் எடுப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவது 110 வோல்ட் மெஷினாக இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. கமடோர் 64-ன் பழைய பவர் சப்ளை கெட்டுப்போகும்போது அதிக வோல்ட்டேஜை உள்ளே அனுப்பிச் சிப்புகளையே எரித்துவிடும். எனவே, பழைய பவர் சப்ளையை நம்பி ஆன் செய்யக் கூடாது. அந்தக் காலத்து ஆன்டெனா வழி டிவி இணைப்பும் இன்றைய டிவிகளில் சரியாக எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆசை விடவில்லை என்றால், ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2019-ல் முழு அளவு கமடோர் 64-ஐயும், 2024-ல் ஸ்பெக்ட்ரமையும் புதிய பாகங்களோடு மறுபடி தயாரித்து வெளியிட்டது. எச்டிஎம்ஐ கேபிளில் வேலை செய்யும்.

முதல் ஒலி: ஒரே வரி

ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரைத் திறந்ததும் மெஷின் வகையில் '128' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய 48 மாடலில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு முழுக் கட்டளை ஒளிந்திருக்கும். பழகாதவர்களுக்கு எரிச்சல்தான் வரும். 128-ல் 'பேசிக்' மெனுவுக்குள் போனால் எழுத்து எழுத்தாகத் தட்டலாம்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பு மட்டும் தரப்படுகிறது. முதல் கட்டளை:

பீப் 1, 0

என்டர் தட்டியதும் ஒரு விநாடிக்கு ஒலி வரும். முதல் எண், எத்தனை விநாடி என்பது. இரண்டாவது எண், ஸ்வரத்தின் உயரம். பியானோவின் நடு 'சி'-க்கு 0. அங்கிருந்து ஒவ்வொரு எண்ணும் கீபோர்டில் ஒரு கட்டை மேலே, கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து. 12 வந்தால் மேல் ஸ்தாயி. கீழே போக மைனஸ் எண்.

பாட்டு கற்றவர்களுக்கு இந்த 12 எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். கர்நாடக இசையின் 12 ஸ்வரஸ்தானங்களும் இதே இடங்கள்தான். 'ச'-வை 0 என்று வைத்துக்கொண்டால் மற்றவை தானாக உட்காரும்.

எட்டு எண்களில் மாயாமாளவகௌளை

கர்நாடக இசையில் முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்கும். புரந்தரதாசர் வகுத்த வழி என்பது மரபு. அதன் ஸ்வரங்கள் எண்ணில் இப்படி:

ச – 0
ரி (சுத்த ரிஷபம்) – 1
க (அந்தர காந்தாரம்) – 4
ம (சுத்த மத்யமம்) – 5
ப – 7
த (சுத்த தைவதம்) – 8
நி (காகலி நிஷாதம்) – 11
மேல் ச – 12

இதை ஒரு சின்ன புரோகிராமாக எழுதலாம்:

10 லெட் கே = 0
20 ஃபார் ஐ = 1 டூ 8
30 ரீட் எஸ்
40 பீப் 0.5, எஸ் + கே
50 நெக்ஸ்ட் ஐ
60 டேட்டா 0, 1, 4, 5, 7, 8, 11, 12

'ரன்' என்று தட்டினால் ஆரோகணம் கேட்கும். அறுபதாம் வரிதான் அட்டை. மற்ற ஐந்து வரிகளும் அதைப் படிக்கும் தறி. அவரோகணமும் வேண்டுமா? அறுபதாம் வரியின் கடைசியில் 12, 11, 8, 7, 5, 4, 1, 0 என்று சேர்த்து, இருபதாம் வரியில் 8-ஐ 16 ஆக்கினால் போதும். இரண்டாம் காலம் வேண்டுமென்றால் 0.5-ஐ 0.25 ஆக்கலாம். மூன்றாம் காலத்துக்கு 0.125.

பத்தாம் வரியில் இருக்கும் 'கே' எதற்கு? கட்டை மாற்றுவதற்கு. 'சி' என்பது ஒரு கட்டை. இரண்டு கட்டைக்கு 'கே' மதிப்பை 2 ஆக்குங்கள். நான்கு கட்டைக்கு 5. ஐந்து கட்டைக்கு 7. டேட்டா வரியைத் தொடவே வேண்டாம். ராகம் அப்படியே இருக்கும், சுருதி மட்டும் ஏறும். ஸ்வரம் என்பது தனி ஒலி இல்லை, 'ச'-விலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் என்று வகுப்பில் சொன்னது இங்கே கூட்டல் கணக்காகக் கண்முன் நிற்கிறது.

இனி விளையாட ஆரம்பிக்கலாம். டேட்டா வரியில் 0, 2, 4, 5, 7, 9, 11, 12 என்று மாற்றினால் சங்கராபரணம். அதில் 5-ஐ மட்டும் 6 ஆக்கினால் கல்யாணி. ஒரே ஒரு எண்தான் மாறியது, கேட்டால் வேறு உலகம்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மோகனத்தின் எண்கள் 0, 2, 4, 7, 9. இதைக் காந்தாரத்திலிருந்து தொடங்கி எழுதினால் 4, 7, 9, 12, 14. எல்லாவற்றிலும் 4-ஐக் கழித்தால் 0, 3, 5, 8, 10. இது ஹிந்தோளம். கச்சேரியில் வித்வான்கள் கிரகபேதம் செய்யும்போது அரங்கம் கைதட்டுமே, அதன் எலும்புக்கூடு இந்தக் கழித்தல்தான்.

1982 கையேட்டில் இந்திய இசை

இதுவரை எல்லாம் முழு எண்கள். கீபோர்டு ஆப் வைத்திருக்கும் எவரும் இதை வாசித்துவிடலாம். ஸ்பெக்ட்ரம் வேறுபடும் இடம் இனிமேல்தான் வருகிறது.

ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதிய ஸ்பெக்ட்ரம் கையேட்டில் ஒலி பற்றிய அத்தியாயத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. சில வகை இசைகளில் ஒரு கட்டையைவிடச் சிறிய இடைவெளிகள் உண்டு என்று சொல்லி, உதாரணத்துக்கு இந்திய இசையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் விக்கர்ஸ். அதையும் இந்தக் கட்டளையில் எந்தச் சிரமமும் இல்லாமல் எழுதலாம், ஸ்வர எண்ணுக்கு.5 என்று தசமம் கொடுத்தால் போதும் என்கிறார்.

அதாவது, 0-க்கும் 1-க்கும் நடுவில் 0.5 போடலாம், 0.3 போடலாம். மெஷின் ஆட்சேபிக்காது.

இதனால் காதுக்கு என்ன லாபம்? ஒரு சின்ன சோதனை. போனில் தம்பூரா ஆப்பை ஒரு கட்டையில் ஓடவிடுங்கள். கம்ப்யூட்டரில் முதலில்

பீப் 5, 4

என்று தட்டிக் கேளுங்கள். பிறகு

பீப் 5, 3.86

என்று தட்டுங்கள். முதலாவது, கீபோர்டு தரும் அந்தர காந்தாரம். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதால் வந்த இடம் அது. இரண்டாவது, 'ச'-வின் அதிர்வெண்ணை 5/4-ஆல் பெருக்கினால் வரும் இயல்பான காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவைக் கவனித்தால் தானாக ஒரு காந்தாரம் ஒலிக்கும் என்பார்களே, அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் ஒலி தம்பூராவோடு லேசாக உரசி அலையடிக்கும். இரண்டாவது இன்னும் அமைதியாக உட்காரும். பஞ்சமத்தில் வித்தியாசம் மிகக் குறைவு: 7-க்குப் பதில் 7.02.

காந்தாரத்தில் இருக்கும் வித்தியாசம் ஒரு கட்டையில் ஏழில் ஒரு பங்கு. அதைக் கேட்கப் பழகிய காது, இதுவரை எத்தனை பாடல்களில் இதைக் கவனிக்காமல் விட்டோம் என்று யோசிக்கும்.

கமகத்தை எண்ணாக எழுத முடியுமா?

இங்கேதான் உண்மையான சிக்கல். எண்ணைத் தசமத்தில் கொடுத்தாலும் ஸ்பெக்ட்ரம் ஒரு புள்ளியில்தான் நிற்கும். கர்நாடக இசையில் பல ஸ்வரங்கள் நிற்பதே இல்லை. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணில் அதன் இடம் 3, சாதாரண காந்தாரம். ஆனால், யாராவது பாடும்போது கேட்டால் அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். 3-ஐ மட்டும் அசையாமல் வாசித்தால், தோடி தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

சின்னச் சின்ன பீப்களாக அடுக்கி இதை ஸ்பெக்ட்ரமில் செய்து பார்க்கலாம். ஆனால், ஒவ்வொரு பீப்புக்கும் நடுவில் மெஷின் கணக்குப் போட ஒரு கணம் நிற்கும். வழுக்கிப் போக வேண்டிய இடம் படிக்கட்டு இறங்குவதுபோலக் கேட்கும்.

பிபிசி மைக்ரோவுக்கு மாற வேண்டிய நேரம் இது. அதில் ஒலிக்கான கட்டளை இப்படி இருக்கும்:

சவுண்ட் 1, -15, 53, 20

முதல் எண் சேனல். இரண்டாவது சத்தம், 0 என்றால் மௌனம், -15 என்றால் உச்சம். மூன்றாவது ஸ்வரம், இங்கே நடு 'சி'-க்கு 53. நான்காவது நேரம், விநாடியை இருபதாகப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதால் 20 என்றால் ஒரு விநாடி.

ஸ்வர எண்ணில் ஒரு விசேஷம். ஒரு கட்டைக்கு இங்கே 4 படிகள். ஆக, ஒரு ஸ்தாயிக்கு 48. 'ச' 53 என்றால் சுத்த ரிஷபம் 57, சாதாரண காந்தாரம் 65, சுத்த மத்யமம் 73, பஞ்சமம் 81.

இதோடு 'என்வலப்' என்று இன்னொரு கட்டளை உண்டு. ஒலி வந்துகொண்டிருக்கும்போதே அதன் உயரம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது இதன் வேலை. இந்த இரண்டு வரிகளைத் தட்டிப் பாருங்கள்:

என்வலப் 1, 2, 2, -2, 2, 4, 8, 4, 126, 0, 0, -126, 126, 126
சவுண்ட் 1, 1, 65, 60

பதினான்கு எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் 1 என்பது என்வலப்பின் பெயர். அடுத்த 2, ஒவ்வொரு படிக்கும் நூறில் இரண்டு பங்கு விநாடி. அடுத்த மூன்று எண்கள் 2, -2, 2: முதலில் இரண்டிரண்டாக ஏறு, பிறகு இரண்டிரண்டாக இறங்கு, மறுபடி ஏறு. அதற்கடுத்த 4, 8, 4 என்பவை எத்தனை முறை என்பதைச் சொல்கின்றன. கடைசி ஆறும் சத்தத்தின் அளவுக்கு. இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளியும். ஒலி 65-ல், அதாவது காந்தாரத்தில் தொடங்குகிறது. எட்டுப் படி ஏறி 73-ஐத் தொடுகிறது, அது மத்யமம். பதினாறு படி இறங்கி 57-க்கு வருகிறது; அது ரிஷபம். எட்டுப் படி ஏறி மறுபடி காந்தாரம். இந்தச் சுற்று விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை நடக்கும், மூன்று விநாடிகளுக்குத் தொடரும். சவுண்ட் வரியில் இரண்டாவது எண்ணாக இருக்கும் 1, இந்த என்வலப்பைப் பயன்படுத்து என்பதற்கான குறிப்பு.

இது தோடி ஆகிவிட்டதா? இல்லை. ஆம்புலன்ஸ் சைரனுக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல இருக்கும். ஏன் என்பதுதான் பாடம். பாடகரின் அசைவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேலே தொடுவதும் கீழே தொடுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எந்த ஸ்வரத்திலிருந்து வந்தோம், அடுத்து எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்து அதே காந்தாரம் வேறு மாதிரி அசையும். இந்த எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, நடுநடுவே நல்ல பாடகர் ஒருவரின் தோடியைக் கேட்டு, மறுபடி மாற்றிப் பார்ப்பவருக்கு ஒரு வாரத்தில் மெஷினில் தோடி வராமல் போகலாம். ஆனால், தோடியில் என்ன நடக்கிறது என்பது காதுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

பன்னிரண்டு கட்டை கீபோர்டை மட்டும் வைத்து இசை அமைப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாமல் போகலாம். கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடும். கமகத்துக்கு 'பிட்ச் பெண்ட்' என்று ஒரு சக்கரம் இருக்கும். தேடிப் போனவர்களுக்குத்தான் அது கண்ணில் படும்.

தம்பூராவும் தாளமும்

பிபிசி மைக்ரோவில் சவுண்ட் கட்டளை பின்னணியில் ஓடும் என்பதால், பல சேனல்களை ஒன்றாக ஒலிக்கவிடலாம். சேனல் 2-ல் 53, சேனல் 3-ல் 81 என்று போட்டு, நேரத்துக்கு 255 கொடுத்தால் 'ச'-வும் 'ப'-வும் நிற்காமல் ஒலிக்கும். சத்தத்தை -5 அளவில் வைத்தால் ஏழைக்கேற்ற தம்பூரா தயார். எஸ்கேப் பட்டனைத் தட்டினால் நின்றுவிடும். அதற்கு மேலே சேனல் 1-ல் ஸ்வரங்களை வாசிக்கலாம்.

சேனல் 0 இரைச்சலுக்கு. 'சவுண்ட் 0, -15, 4, 2' என்றால் 'டிஷ்' என்று ஒரு தட்டு. அடுத்து 'சவுண்ட் 0, 0, 4, 8' என்றால் மௌனம். இரண்டும் சேர்ந்து அரை விநாடி, அதாவது ஓர் அட்சரம். ஆதி தாளத்துக்கு இப்படி எட்டு அட்சரங்கள் வேண்டும். கை தட்டும் 1, 5, 7 ஆகிய இடங்களில் சத்தம் -15. விரல் எண்ணும், கை வீசும் மற்ற இடங்களில் -6. ஒரு லூப்பில் போட்டுவிட்டால் சரளி வரிசைக்குத் தாளம் ரெடி.

முன்னாலேயே செய்தவர்கள்

ராகத்தையும் மின்னணுப் பெட்டியையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இந்தியாவில் அப்போதே இருந்தார்கள். மும்பை சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் சிந்தசைஸர்களையும் ரிதம் மெஷினையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு ஆல்பமாகப் பதிவு செய்தார். அவர் பயன்படுத்திய டிபி-303 என்ற பெட்டியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் வசதி இருந்தது. வெளிவந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படாத அந்த ஆல்பம் 2010-ல் மறுவெளியீடு ஆன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சென்னையில், 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' பட இசையில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். ஸ்வரங்களை முன்கூட்டியே பதிந்துவைத்து, இயந்திரத்தை வாசிக்க வைக்கும் கருவி அது. அந்தக் காலகட்டத்தில் அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவர் திலீப், பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான். ஸ்டுடியோக்களில் இருந்த கருவிகளின் விலை சாதாரண வீட்டுக்கு எட்டாத உயரம். அடிப்படை வேலை மட்டும் ஒன்றுதான்: எந்த நேரத்தில், எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம் என்று வரிசையாக எழுதுவது.

அடுத்த படி: டிராக்கர்

கட்டளைகளைத் தட்டிப் பழகியவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் 'டிராக்கர்'. அமிகா கம்ப்யூட்டருக்காக கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 1987-ல் உருவாக்கிய 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' இந்த வகைக்கு முன்னோடி. திரையில் மேலிருந்து கீழே வரிகள் ஓடும். ஒவ்வொரு பத்தியும் ஒரு சேனல். ஒவ்வொரு வரியிலும் எந்தச் சேனலில் என்ன ஸ்வரம் என்று எழுதியிருக்கும். காலியாக விட்டால் அந்த இடத்தில் புதிதாக எதுவும் வராது. ஜக்கார்டு அட்டை பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

இன்று இலவசமாகக் கிடைக்கும் 'ஃபர்னஸ்' என்ற டிராக்கரில் கமடோர் 64, ஸ்பெக்ட்ரம் 128, பிபிசி மைக்ரோ ஆகியவற்றின் ஒலிச் சிப்புகள் எல்லாமே உண்டு. மூன்று குரலை வைத்துக்கொண்டு பெரிய கேம் இசையை எப்படி அமைத்தார்கள் என்ற ரகசியமும் இதில் புரியும். ஒரே குரலில் மூன்று ஸ்வரங்களை விநாடிக்கு 50 முறை மாற்றி மாற்றி ஒலித்தால் காது அதை ஒரே 'கார்டு' என்று எடுத்துக்கொள்ளும். 1980-களின் கேம்களில் கேட்கும் அந்தக் குறுகுறு ஒலி இப்படி வந்ததுதான்.

ஸ்வரத்தை வளைப்பதற்கும் அதிர வைப்பதற்கும் டிராக்கரில் ஒவ்வொரு வரியிலும் தனி இடம் உண்டு. என்வலப்பில் ஒரே மாதிரி சுழன்ற அசைவை இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு அளவில் எழுதலாம். மெதுவாகத்தான் வேலை நடக்கும். ஐந்து விநாடி ஆலாபனைக்கு ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை.

ஒரு மாலைக்கான திட்டம்

முதல் பத்து நிமிடம்: எமுலேட்டரைத் திறந்து 'பீப் 1, 0'.

அடுத்த அரை மணி: ஆறு வரி புரோகிராம். மாயாமாளவகௌளை, சங்கராபரணம், கல்யாணி. கட்டையை மாற்றிக் கூடவே பாடிப் பார்க்கலாம்.

அடுத்த அரை மணி: தம்பூரா ஆப்போடு 4, 3.86 சோதனை. வித்தியாசம் முதல் நாளே கேட்கவில்லை என்றால் கவலை வேண்டாம்; மறுநாள் காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி முயலலாம்.

மீதி நேரம்: பிபிசி மைக்ரோவில் அந்த என்வலப் வரி. அதன் எண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் என்ன கேட்டது என்று குறித்துக்கொள்வது நல்லது. பிரவுசரை மூடினால் புரோகிராம் போய்விடும், நோட்டு இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஒரு நல்ல தோடி ஆலாபனையைப் போட்டுக் கேளுங்கள். காந்தாரம் வரும் இடம் எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.